இளம் விஞ்ஞானியை வெயிலில் காயவைக்கும் முறை

தேவையான பொருட்கள்: ஆய்வகத்தை விட்டு வெளியே வராத இளம் விஞ்ஞானி ஒருவர், முதுகில் சுமக்கும் ஸ்பெக்ட்ரோமீட்டர் ஒன்று, வெள்ளைப் பலகை ஒன்று, ஜொகூர் வெயில் கிடைத்த அளவு.

காலையில் ஸ்கூடாயில் ரொட்டி சானாயும் தே தாரிக்கும் வாங்கிக் கொடுங்கள். குளுவாங் பக்கம் செம்பனைத் தோட்டம் வரும்வரை அவர் உங்களுக்கே வகுப்பெடுப்பார். இலை திருப்பும் ஒளியைக் கருவி 350 முதல் 2500 நானோமீட்டர் வரை பார்க்கும். பச்சையம் சிவப்பை விழுங்கும். அண்மை அகச்சிவப்பை இலை திருப்பியடிக்கும். நடுவே 700 பக்கம் வரைபடக் கோடு மலையேறும். மரம் நொந்தால் அந்த ஏற்றம் இடம் மாறும். எல்லாம் சரி. 1400, 1900 பக்கம் மட்டும் கோடு ஏன் பேயாட்டம் ஆடுகிறது என்று கேளுங்கள். "கருவி கெட்டுப்போச்சு" என்றால் இன்னொரு ரொட்டிக்குச் சொல்லுங்கள். காற்றிலுள்ள நீராவி அந்த ஒளியை வழியிலேயே குடித்துவிடுகிறது. ஜொகூரில் நீராவிக்கா பஞ்சம்?

அளப்பதற்கு நேரம் பத்திலிருந்து இரண்டு என்பது கையேட்டு வாக்கு. 1982 ஜனவரி 1 அன்று தீபகற்ப மலேசியா கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளிவைத்ததைச் சூரியனிடம் யாரும் சொல்லவில்லை. இங்கே உச்சிவேளை ஒரு மணியை ஒட்டித்தான். ஆகவே பதினொன்றிலிருந்து மூன்று என்று திருத்திக்கொள்ளுங்கள். இரண்டு மணிக்கே மேகம் கூடிவிடும், அது வேறு கதை. உச்சி வெயிலில் கருவியின் நிழல் அளக்கவேண்டிய இலையின்மேலேயே விழும், அது இன்னொரு கதை.

வெள்ளைப் பலகைக்கு வருவோம். ஒட்டாத தோசைக்கல்லில் பூசுகிற டெஃப்லானின் சொந்தக்காரப் பொருள்தான். விலையைக் கேட்டால் தோசை இறங்காது. விழுகிற ஒளியை ஏறக்குறைய முழுதாகத் திருப்பிவிடும். முதலில் அதை அளந்து, பிறகு இலையை அளந்து வகுக்கவேண்டும். பலகையை மேகத்தில் அளந்துவிட்டு, வெயில் வந்ததும் இலையை அளந்தால், விழுந்ததைவிட அதிக ஒளியை இலை திருப்பியதாகக் கணக்கு வரும். விஞ்ஞானி உற்சாகத்தில் கட்டுரைத் தலைப்பை யோசிக்க ஆரம்பிப்பார். ஐந்து நிமிடம் விட்டுவையுங்கள், பாவம். வெள்ளைச் சட்டையோடு வந்திருந்தால் மாற்றச் சொல்லுங்கள். சட்டையின் ஒளியும் இலையில் விழும். கறுப்புச் சட்டை வேகும்தான். தலைப்பே அதைத்தானே சொல்கிறது?

அடுத்து 17ஆம் மட்டை. சத்துச் சோதனைக்கு வழக்கமாக வெட்டுவது அதைத்தான். உச்சியில் முழுதாக விரிந்தது ஒன்று, அதன் கீழே ஒன்பது, அதற்கும் கீழே பதினேழு. விஞ்ஞானி பதினான்கு என்பார், அரிவாள்காரர் பதினேழு என்பார். அரிவாள் பக்கம் நில்லுங்கள்.

இப்போது தோட்டங்களில் இந்தோனேசியரும் வங்கதேசத்தவரும்தான் அதிகம். தமிழ் பேசும் பெரியவர் ஒருவர் அகப்பட்டால் உங்கள் அதிர்ஷ்டம். அண்ணாந்து பார்த்து, "குருத்து மூணு விரியாம நிக்குது தம்பி, இது தேறாது" என்பார். கனோடெர்மா பூஞ்சையின் அடையாளம் அது. அது கண்ணில் படும்போது தண்டின் உள்ளே பெரும்பகுதி அழுகியிருக்கும். கருவி வந்திருப்பது, பெரியவருக்கும் தெரியாத முந்தைய மாதங்களைப் பார்க்க. இதை விஞ்ஞானி அவருக்கு விளக்கிச் சொல்லட்டும், நானோமீட்டர் என்ற சொல் இல்லாமல். பயிற்சியிலேயே கடினமான பகுதி இதுதான்.

பெரியவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டே, "என்னப்பா, தட்டுல இவ்வளவு தூசி" என்று தோள்துண்டை எடுத்து வெள்ளைப் பலகையைத் துடைக்கக் குனிவார். பாய்ந்து தடுங்கள்.