பாதாள கங்கை விசாரம்

ஆராய்ச்சிக்குரிய பொருள்கள் தலைக்கு மேலே உள்ளவை என்றும் காலுக்குக் கீழே உள்ளவை என்றும் இரு பாலாகப் பகுக்கத்தக்கன. மேலே உள்ள கிரகங்களையும் நட்சத்திரங்களையும் பற்றி வானசாஸ்திரிகளும் சோதிடர்களும் போட்டியிட்டு எழுதித் தள்ளிவிட்டமையாலும், கீழே உள்ள பொன், நிலக்கரி, பெட்ரோல், முதுமக்கள் தாழி முதலியவற்றை ஏனைய பண்டிதர்கள் தமக்குள் பங்கிட்டுக்கொண்டமையாலும், காலம் கடந்து பேனா பிடித்த எமக்கு எஞ்சி நின்றது, அமெரிக்க நாட்டின் அரிஸோனா மாநிலத்தில், சொனோராப் பாலைவனத்து வீடுகளின் முற்றத்தடியில் புதைந்து கிடக்கும் செப்டிக் டேங்க் ஒன்றே. பொருள் இழிந்தது என்று மூக்கைப் பிடித்துக்கொள்வோர் இருப்பாராயின், அந்நாட்டில் ஐந்து வீட்டுக்கு ஒரு வீடு என்னும் கணக்குக்கும் மேலாக இத்தொட்டியை நம்பியே குடித்தனம் நடக்கிறது என்பதை அவர்கள் மூக்கை விட்டபின் சிந்திப்பார்களாக.

தொட்டியின் பூர்வோத்தரத்தைச் சுருங்கச் சொல்லிவிடுவோம். 1860 வாக்கில் பிரான்ஸ் தேசத்து வெசூல் நகரில் ழான் லூயி மூராஸ் என்பவர் வீட்டுக் கழிவை ஒரு மூடிய கட்டடத் தொட்டியில் விட்டுப் பல வருஷம் கழித்துத் திறந்து பார்த்தபோது, நிறைந்து வழியும் என்று அஞ்சிய திடப்பொருளில் பெரும்பகுதி காணாமற் போயிருந்தது கண்டு அதிசயித்து, 1881-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். 1895-இல் இங்கிலாந்தின் எக்ஸிட்டர் நகரத்து அளவையாளர் டொனால்டு கேமரன் அதனைச் செப்பனிட்டு இன்றைய பெயரைச் சூட்டினார். இருவரும் ஈரம் மிகுந்த தேசத்தவர்.

இனித் தொட்டியின் அந்தரங்கம். மூன்று படுக்கையறை கொண்ட வீட்டுக்கு வழக்கமாகப் புதைக்கும் ஆயிரம் காலன், அதாவது ஏறக்குறைய 3,800 லிட்டர் கொள்ளும் காங்கிரீட் பெட்டியின் உள்ளே, எண்ணெயும் சோப்பும் மிதக்கும் ஆடை மேலும், கனத்தவை அடங்கிய கசடு கீழும், ஒருவாறு தெளிந்த நீர் நடுவுமாக மூன்று உலகங்கள் தாமே அமைகின்றன. பெட்டியின் கடைவாயில் பொருத்திய டி வடிவக் குழாயானது மேலுலகத்தாரையும் கீழுலகத்தாரையும் தடுத்து நடுவுலகத்தாரை மட்டும் வெளியே விட, அந்நீர் பங்கீட்டுப் பெட்டி வழியாகச் சென்று, ஜல்லி பரப்பிய நீண்ட வாய்க்கால்களில் கிடக்கும் துளையிட்ட குழாய்களால் மண்ணுக்குள் ஊறுகிறது. தொட்டி செய்வது பாதி வேலைதான். மீதியை, அதுவும் கடினமான பாதியை, மண்ணும் மண்ணில் வாழும் காற்றுண்ணும் கிருமிகளும் செய்கின்றன. இந்த ஒரு வாக்கியத்தை நினைவில் கொள்ளாத வீட்டுக்காரர்களால்தான் செப்டிக் வைத்தியர்களின் குடும்பங்கள் க்ஷேமமாக வாழ்கின்றன.

இங்கே பூர்வபட்சிகள் குறுக்கிடுவர். "பாலை நிலமாவது ஆண்டு முழுவதும் தாகத்தால் வாய் பிளந்து கிடப்பது, அதன் வாயில் எவ்வளவு நீரை ஊற்றினாலும் உடனே குடித்துவிடும், ஆகவே செப்டிக் டேங்க் அமைப்பதற்குப் பாலைவனத்தைக் காட்டிலும் உத்தமமான பூமி வேறில்லை" என்பது அவர்களுடைய கட்சி. இக்கட்சி கேட்பதற்கு இனியதாகவும், வீடு விற்கும் தரகர்களின் வாயில் மிகவும் இனியதாகவும் இருப்பினும், கடப்பாரையைக் கையில் எடுத்த முதற்கணத்திலேயே நொறுங்கிவிடுகிறது. சில வேளைகளில் கடப்பாரையும் உடன் நொறுங்குகிறது. காரணம், அந்நிலத்தார் காலீச்சி என்று வழங்குவதும், நம் ஊர்ச் சுக்கான் பாறைக்கு ஒன்றுவிட்ட உறவுமாகிய ஒரு சுண்ணாம்பு அடுக்கு. பெய்கிற கொஞ்ச மழை மண்ணில் சிறிது தூரம் இறங்குவதற்குள் வெயில் அதனை உறிஞ்சிக்கொள்ள, நீரில் கரைந்திருந்த சுண்ணம் மட்டும் அங்கேயே தங்கித் தங்கி, ஆயிரக்கணக்கான வருஷங்களில் மணலையும் பரலையும் பிணைத்துக் காங்கிரீட் தளமாகவே ஆகிவிடுகிறது. மழை மிகுந்த நாடாயின் அந்தச் சுண்ணம் அடித்துக்கொண்டு போயிருக்கும். ஆகவே நிலத்தின் தாகமே நிலத்தின் தொண்டையை அடைத்தது என்பதும், வறண்ட மண்ணெல்லாம் குடிக்கும் மண் அன்று என்பதும் எம் சித்தாந்தம். விருந்தினரை வாசற்படியிலேயே நிறுத்திவைத்து நலம் விசாரித்து அனுப்பிவிடும் கிருஹஸ்தரைப்போல, காலீச்சியானது கீழிறங்கி வரும் நீரைத் தன் மேலேயே நிறுத்திக்கொள்கிறது. நின்ற நீர் மேலே எழுகிறது. எழுந்த நீர் முற்றத்தில் தன்னை அறிவித்துக்கொள்கிறது.

இக்காரணத்தால் தொட்டி வைப்பதற்கு முன் மண்ணை விசாரணை செய்யும் கிரியை ஒன்று ஏற்பட்டுள்ளது. அதனை அருகிருந்து காண்பது ஒரு பேறு. நிலத்தில் ஒரு குழி தோண்டி, அதில் முன்னதாகவே நீர் ஊற்றி ஊறவைத்து, பிறகு மீண்டும் நீர் நிரப்பி, ஓர் அளவுகோலை நட்டு, நீர்மட்டம் ஓர் அங்குலம் இறங்க எத்தனை நிமிஷம் ஆகிறதென்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, தொப்பி அணிந்த பொறியியல் நிபுணர் ஒருவர் குழியருகே குந்தியிருப்பார். வெயிலோ 43 டிகிரியைத் தொட்டு நிற்கும். அவர் நெற்றியிலிருந்து சொட்டும் வேர்வை மணலில் விழுந்த கணமே மறையும். குழிநீர் மட்டும் அசையாது. வீட்டுக்காரர் நிழலில் நின்றபடி, மண் குடித்துத் தொலைக்க வேண்டுமே என்று குலதெய்வத்தை வேண்டிக்கொண்டிருப்பார். ஆனால் மிக விரைவாகக் குடிக்கும் மண்ணும் தேர்வில் தோற்றதே ஆகும். காட்டாற்றுப் படுகையின் பருமணலில் நீர் மடமடவென்று இறங்கி, கிருமிகள் தம் கடமையைத் தொடங்குவதற்குள் நிலத்தடி நீரைச் சேர்ந்துவிடும் என்பதால், அளவறிந்து குடிக்கும் மண்ணே சட்டத்துக்கு உகந்தது. மதுவிலக்குப் பிரசாரகர்கள் இதனைக் கவனிக்கவில்லை.

தேர்வில் தோற்ற நிலத்துக்கும் கதிமோட்சம் உண்டு. பீனிக்ஸ் நகரைச் சூழ்ந்த பகுதிகளில், காலீச்சி அடுக்கை இயந்திரத்தால் துளைத்துக் கீழே உள்ள இளகிய மண்ணை எட்டுமளவும் ஆழ்ந்த உறிஞ்சுகிணறு வெட்டிக் கல்லால் நிரப்புவது ஒரு முறை. அதுவும் ஆகாத இடத்தில், அடியில் நீர் கசியாதபடி விரிப்பிட்டு, அதன்மேல் மணல் பரப்பி, செடி நட்டு, நீரைக் கீழே அனுப்பாமல் மேலே ஆகாசத்துக்கே அனுப்பிவிடுவது மற்றொரு முறை. மண் மறுத்ததைச் சூரியன் மறுப்பதில்லை. இவ்விரண்டாம் முறையே பாலைவனத்தின் இயல்புக்கு இசைந்தது என்று எமக்குப் படுகிறது. செலவைக் கேட்டபின் வீட்டுக்காரர்களுக்கு அப்படிப் படுவதில்லை.

இந்த இடத்தில் ஒரு கணிதம் செய்யாமல் மேலே செல்ல எம் மனம் ஒப்பவில்லை. பீனிக்ஸில் ஓர் ஆண்டில் பெய்யும் மழை ஏறத்தாழ 180 மில்லிமீட்டர். உறிஞ்சு வாய்க்கால்கள் நூறு சதுர மீட்டர் முற்றத்தில் பரவியிருப்பதாகக் கொண்டால், அம்முற்றத்துக்கு வானம் ஓராண்டில் அளிப்பது 18,000 லிட்டர். படுக்கையறை ஒன்றுக்கு நாளொன்றுக்கு 150 காலன் என்னும் கட்டுமானக் கணக்கின்படி மூன்று அறை வீடு அனுப்புவதோ நாளுக்கு 1,700 லிட்டர். ஆகவே வருணபகவான் ஓராண்டு முழுவதும் முயன்று செய்வதை, அந்த வீட்டார் பல் துலக்கியும், துணி துவைத்தும், இன்ன பிற செய்தும் பதினொரு நாளில் செய்து முடித்துவிடுகின்றனர். குடும்பம் சிக்கனமானது என்று பாதியைத் தள்ளினாலும் ஏறக்குறைய மூன்று வாரமே ஆகும். ஜீவநதி என ஒன்று அப்பகுதியில் உண்டென்றால் அது இந்த முற்றத்தின் அடியில்தான் ஓடுகிறது. நகரத்துக் குழாய்நீர் வரும் வீடாயின் இந்நதியின் மூலம் இன்னும் வியக்கத்தக்கது: 1973-இல் வெட்டத் தொடங்கி 1993-இல் முடித்த கால்வாய் வழியாக, கொலராடோ ஆற்று நீர் ஹவாசு ஏரியிலிருந்து 336 மைல் தூரம் பாலைவனத்தைக் கடந்து, வழியில் மொத்தம் 2,900 அடி உயரம் ஏற்றப்பட்டு, பீனிக்ஸையும் டூசானையும் அடைகிறது. பகீரதன் நீரைக் கீழே இறக்கத்தான் தவம் செய்தான். இவர்கள் மேலே ஏற்றி, அதன் ஒரு பங்கைக் கழிவறைப் பீங்கானில் ஊற்றிச் சங்கிலியை இழுக்கின்றனர்.

தொட்டிக்கு நோய் கண்டிருக்கிறது என்பதை அறியத் தருக்க நூலார் வகுத்த பிரமாணங்களே போதும். மேல்நாட்டு ஈர பூமியில் புல் சற்றுச் செழித்திருப்பது அவ்வளவு கண்ணில் படாது. ஆனால் எங்கும் பழுப்பு ஜல்லி பரப்பிய அரிஸோனா முற்றத்தில், ஆனி மாத வெயிலில், ஓரிடத்தில் மட்டும் பச்சைப் பசேலென்று களை தழைத்திருந்தால், அநுமானப் பிரமாணத்துக்கு அதைவிடச் சிறந்த உதாரணம் காசியிலும் கிடைக்காது. சப்தப் பிரமாணமாவது, குளியலறைத் துவாரம் தானே எழுப்பும் களகளவென்னும் ஓசை. பிரத்தியட்சம் மூக்குக்கு உரியது. ஆனால் அதில் ஒரு மயக்கம் உண்டு. குளிர்காலத்தை மட்டும் பாலைவனத்தில் கழிக்கும் வடநாட்டு முதியோர் கோடையில் வீட்டைப் பூட்டிச் செல்ல, அறைக்குழாய்களின் வளைவில் வாசனையைத் தடுத்து நின்ற சிறிதளவு நீர் வறண்ட காற்றில் ஆவியாகிவிடுகிறது. திரும்பி வந்து கதவைத் திறந்தவர்கள் தொட்டி வெடித்துவிட்டதென்று அலறிக் கசடு உறிஞ்சும் லாரியை வரவழைக்கின்றனர். ஒவ்வொரு துவாரத்திலும் ஒரு சொம்பு நீரும் அதன்மேல் ஒரு கரண்டி எண்ணெயும் ஊற்றினால் தீரும் நோய் அது. எண்ணெய்ப் படலம் நீரை ஆவியாக விடாது. இந்த ரகசியத்தைச் செப்டிக் வைத்தியர் எவரும் இலவசமாகச் சொல்வதில்லை.

பராமரிப்பைப் பற்றி மூன்று மதங்கள் நிலவுகின்றன. பொடிவாதிகள் என்போர் மாதந்தோறும் கிருமிப்பொடியோ ஈஸ்டோ போட்டால் தொட்டியைத் திறக்கவே வேண்டாம் என்பர். இவர்களுள் ஆதி சம்பிரதாயத்தார் செத்த கோழி ஒன்றைப் போடவேண்டும் என்று சாதிப்பதும் உண்டு. தொட்டிக்கு வேண்டிய கிருமிகளை அவ்வீட்டார் ஒவ்வொரு நாளும் குறைவின்றி வழங்கிவரும்போது, கடையில் விலைக்கு வாங்குவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான். லாரிவாதிகள் மூன்று முதல் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை கசடை உறிஞ்சி எடுக்க வேண்டும் என்பர். மூன்றாமவர் திறவாவாதிகள். "என் மாமனார் காலத்திலிருந்து மூடியைத் தொட்டதே இல்லை, ஒரு குறையும் இல்லை" என்று மார்தட்டும் இவர்களுடைய மதமே உலகெங்கும் பெரும்பான்மை மதம். குறை இல்லாததுபோல் தோன்றுவது, கசடு நிறைந்து நடுவுலகை நெருக்கி, டி குழாயையும் கடந்து, வாய்க்கால்களுக்குள் மெல்லக் குடியேறி, மண்ணின் துளைகளைக் கரிய வழுவழுத்த படலத்தால் அடைக்கும் வரையில்தான். பிறகு தோண்டவேண்டியது தொட்டியை அன்று, முற்றத்தை. அடியில் காலீச்சி காத்திருக்கிறது.

யாம் லாரிவாதத்தை ஏற்பினும், ஆண்டுக்கணக்கை விட அளவுக்கணக்கே மேலானது என்போம். நீண்ட கழியின் நுனியில் வெள்ளைத் துண்டைச் சுற்றித் தொட்டியின் அடிவரை இறக்கி மெல்ல எடுத்தால், கசடு எதுவரை நிற்கிறது என்பதைத் துண்டின் கறையே காட்டும். வெளிவாயிலிருந்து பன்னிரண்டு அங்குலத்துக்குள் கசடு உயர்ந்தாலும், ஆறு அங்குலத்துக்குள் மேலாடை தாழ்ந்தாலும் லாரியை அழைப்பது கடமை. துண்டு எவருடையது என்று முன்னதாகவே குடும்பத்தில் தீர்மானித்துக்கொள்வது நலம்.

பரிகாசத்தை இங்கே சற்று நிறுத்துகிறோம். அத்தொட்டிக்குள் ஹைட்ரஜன் சல்பைடும் மீத்தேனும் தங்கும். தலையை நீட்டி எட்டிப்பார்ப்பதும் கூடாது, எக்காரணம் பற்றியும் மனிதன் இறங்கலாகாது. அரிஸோனாவில் லாரியின் குழாய் இறங்குகிறது. நம் நாட்டில் கையால் மலம் அள்ளும் வேலையைத் தடைசெய்த 2013-ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பின்னும் மனிதன் இறங்கி மாண்டான் என்ற செய்தி நாளிதழில் நின்றபாடில்லை. அதைப் படித்தவர்கள் இப்பொருளை இழிந்ததென்று சொல்வதற்கு முன் எது இழிந்ததென்று யோசிக்கவேண்டும்.

மரம் நடுதல் பற்றி ஒரு சொல். வாய்க்கால் மேல் மெஸ்கீட் மரம் நிழலுக்காக நடுவோர் அதன் குலத்தை அறியார். நம் ராமநாதபுரத்துக் கண்மாய்களைக் கவர்ந்த சீமைக் கருவேலத்தின் சகோதர வர்க்கம் அது. டூசான் அருகே ஒரு திறந்தவெளிச் சுரங்கத்தில் அதன் வேரை ஐம்பது மீட்டருக்கும் கீழான ஆழத்தில் கண்டிருக்கிறார்கள். நீருக்காக அவ்வளவு தூரம் யாத்திரை செய்யும் மரம், காலடியில் ஓடும் நதியைக் கண்டால் குழாயின் துளையை விட்டுவைக்குமா? வாய்க்கால் மேல் காரை நிறுத்துவதும், மழைநீர் தேங்கவிடுவதும் கூடாது. ஆடி ஆவணியில் வரும் பாலைவனத்துப் பருவமழை ஒரே மாலையில் கொட்டித் தீர்க்கும்போது, ஏற்கெனவே நிறைந்த வாய்க்காலுக்கு இடமிருக்காது.

கடைசியாகத் தொட்டி எங்கே இருக்கிறது என்னும் பிரச்சினை. அரிஸோனாச் சட்டப்படி வீடு கைமாறுவதற்கு முந்தைய ஆறு மாதத்துக்குள் தொட்டியைப் பரிசோதித்தாக வேண்டும் என்பதால், திறவாவாதிகளும் விற்கும்போது மூடியைத் தேடியே தீரவேண்டும். நீண்ட இரும்புக் கம்பியால் முற்றத்தைக் குத்திக் குத்திக் காங்கிரீட்டின் ஓசையைத் தேடுவோருக்கு அடிக்கு அடி காலீச்சியும் அதே ஓசையைக் கொடுத்து ஏமாற்றும். மூடியைக் கண்டு நிமிர்த்தினாலோ தேள் முதலில் வரவேற்கும். ஆகையால் வீட்டின் இரு மூலைகளிலிருந்தும் மூடிக்குள்ள தூரத்தை அளந்து படம் வரைந்து, மின்பெட்டிக் கதவின் உட்புறத்தில் ஒட்டிவைப்பது முன்னோர் வழக்கம். அவ்வாறு ஒட்டப்பட்ட பழம்படம் ஒன்றை யாம் பார்த்திருக்கிறோம். அடி அங்குலம் எல்லாம் அழகிய கையெழுத்தில் துல்லியமாகக் குறிக்கப்பட்டிருந்தது. அளவெல்லாம் தொடங்கிய இடம் மட்டும் ஒரு பாலோ வெர்டே மரம், அதை வெட்டி வெகுகாலம் ஆகியிருந்தது.