ஒருக்கா எழுதிட்டா போதுங்க

பாஸ்வேர்டைக் கையால் அடிப்பது ஸ்கிரிப்ட்சாமிக்குத் தீட்டு. இத்தனைக்கும் வேலை சின்னதுதான். எங்கள் பின்னலாடைக் கம்பெனியில் கணக்குப் பிரிவு முழுக்க விண்டோஸ். ஏற்றுமதி பில் எல்லாம் உட்கார்ந்திருப்பது சர்வர் ரூமில் ஒரு லினக்ஸ் மெஷினில். தினமும் ராத்திரி அங்கே லாகின் செய்து ஒரே ஒரு ஃபைலை இந்தப் பக்கம் கொண்டுவர வேண்டும். மற்றவர்கள் என்றால் பெயரை அடிப்போம், பாஸ்வேர்டை அடிப்போம், ஃபைலை இழுத்துப் போட்டுவிட்டு பஸ்ஸைப் பிடிப்போம். சாமி அப்படியில்லை. "ஒருக்கா எழுதிட்டா போதுங்க சார், அப்புறம் ஆயுசுக்கும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டாம்" என்பார். அவர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்காத நாளை நான் இதுவரை கண்டதில்லை.

(சம்பளப் பட்டியலில் அவருக்கு வேறு பெயர். உங்கள் ஆபீசிலும் வேறு பெயராகத்தான் இருக்கும்.)

முதலில் பாஸ்வேர்டை 'பைப்' வழியாக எஸ்எஸ்ஹெச்சுக்குள், அதாவது அந்த லினக்ஸ் மெஷினுக்குள் லாகின் செய்யும் புரோகிராமுக்குள், ஊற்றிப் பார்த்தார். எஸ்எஸ்ஹெச் அந்த வழியில் பாஸ்வேர்ட் வாங்காது. நேராக டெர்மினலிடம் போய்த்தான் கேட்கும். கீபோர்டுக்கு எதிரே நிஜமாக ஓர் ஆள் இருக்கிறானா என்று பார்க்கவே அப்படி வைத்திருக்கிறார்கள். சரி, வேண்டாம் என்கிறார்கள் என்று நாமாக இருந்தால் விட்டிருப்போம். சாமிக்கு அது மானப் பிரச்சினை.

அப்போதுதான் 'எக்ஸ்பெக்ட்' வந்து சேர்ந்தது. 1990-இல் வெளிவந்த பழைய சரக்கு. திரையில் இன்ன கேள்வி வந்தால் இன்ன பதில் சொல் என்று எழுதிக் கொடுத்துவிட்டால், ஆள் உட்கார்ந்து அடிப்பது போலவே டெர்மினலில் பதில் சொல்லும். விண்டோஸில் அது ஒழுங்காக ஓடவில்லை என்று, கேஷியர் மேடத்தின் மேஜைக்கடியில் ஒரு பழைய பெட்டியை வைத்து, அதில் லினக்ஸ் ஏற்றி, அங்கே எக்ஸ்பெக்ட்டைக் குடிவைத்தார். விண்டோஸிலிருந்து 'பிளிங்க்' என்ற புரோகிராம் அந்தப் பெட்டிக்குள் லாகின் செய்யும். பெட்டி சர்வருக்குள் லாகின் செய்யும். ஒரு லாகினைத் தவிர்ப்பதற்கு இப்போது இரண்டு லாகின். இதைச் சுட்டிக்காட்டினேன். "அது மெஷின் செய்யுது சார், நாம செய்யலையே" என்றார்.

எக்ஸ்பெக்ட்டுக்கும் சாமிக்கும் நடந்த குடித்தனத்தை நான் பக்கத்து மேஜையிலிருந்து பார்த்தவன். முதல் தகராறு ஓர் எழுத்தால் வந்தது. ஒரு மெஷின் பாஸ்வேர்டைச் சின்ன 'பி' போட்டுக் கேட்கும், இன்னொன்று பெரிய 'பி' போட்டுக் கேட்கும். எக்ஸ்பெக்ட் சின்னதுக்காகக் காத்திருந்தால் பெரியதைக் கண்டுகொள்ளாது. சாமி அந்த முதல் எழுத்தையே கிள்ளி எறிந்துவிட்டு, மிச்சத்துக்கு மட்டும் காத்திரு என்று எழுதினார். "தலையை எடுத்தாச்சுங்க. இனி எப்படிக் கேட்டாலும் மாட்டும்" என்று அன்று டீ வாங்கிக் கொடுத்தார். மாட்டவும் செய்தது. அதை மறுக்க மாட்டேன்.

அடுத்தது அந்தப் 10 விநாடி விவகாரம். நாமாக மாற்றாவிட்டால் எக்ஸ்பெக்ட் ஒரு கேள்விக்காக 10 விநாடிதான் காத்திருக்கும். கேள்வி வராவிட்டாலும் கோபித்துக்கொண்டு நிற்காது. அடுத்த வரிக்குப் போய், கேட்காத கேள்விக்குப் பதிலைச் சொல்லிவிடும். சர்வர் கொஞ்சம் மெதுவாக விழித்த ஒரு ராத்திரி, கேட்பதற்கு முன்னாலேயே பாஸ்வேர்டைச் சொல்லிவிட்டது. காலையில் லாக் ஃபைலைத் திறந்தால் பாஸ்வேர்ட் பளிச்சென்று முதல் பக்கத்தில்.

இன்னொரு நாள் சர்வரை மாற்றினார்கள். புது சர்வரோடு முதல்முறை பேசும்போது எஸ்எஸ்ஹெச் ஒரு கேள்வி கேட்கும்: இந்த மெஷினை எனக்கு அடையாளம் தெரியவில்லை, தொடரலாமா, ஆமாவா இல்லையா? எக்ஸ்பெக்ட் 10 விநாடி யோசித்தது. பிறகு பாஸ்வேர்டைச் சொன்னது. ஆமா அல்லது இல்லை என்று டைப் செய்யவும் என்று எஸ்எஸ்ஹெச் பொறுமையாகக் கேட்டுக்கொண்டது. எக்ஸ்பெக்ட் அதற்குள் அடுத்த வரிக்குப் போய் ஃபைலைக் கேட்டது. செவிட்டு மாமனாரும் செவிட்டு மருமகனும் பேசிக்கொண்டதைப் போலிருந்தது அந்த லாக்.

சாமி என்ன செய்தார்? அந்தக் கேள்வியையே இனிமேல் கேட்காதே என்று அடைத்துவிட்டார். நாம் பேசுவது நம் சர்வரோடுதானா, நடுவில் எவனாவது உட்கார்ந்திருக்கிறானா என்று சரிபார்க்க வைத்த கேள்வி அது. "தொந்தரவு பண்ணுதுங்க சார்."

ஸ்கிரிப்டை விண்டோஸ் நோட்பேடில் எழுதி லினக்ஸுக்கு அனுப்பும் பழக்கத்தைப் பற்றித் தனியாகவே எழுதலாம். நோட்பேட் ஒவ்வொரு வரி முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்தைக் கூடுதலாக வைக்கும். லினக்ஸ் அதையும் பெயரோடு சேர்த்துப் படித்துவிட்டு, அப்படி ஒரு புரோகிராமே இல்லை என்று கைவிரிக்கும். "இருக்குதே சார், பாருங்க, இங்கேதானே இருக்குது!" என்று சாமி ஒரு மத்தியானம் முழுக்க மானிட்டரை விரலால் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்.

இவ்வளவும் செய்கிற மனிதருக்கு வரலாறு தெரியாமல் இல்லை. அதுதான் எனக்கு ஆற மாட்டேன் என்கிறது. 1995-இல் ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் எவனோ ஒட்டுக்கேட்கும் புரோகிராம் வைத்து பாஸ்வேர்டுகளை அள்ளிக்கொண்டு போனதும், அங்கேயே இருந்த டாட்டு யுலோனென் அந்த வேகத்தில் எஸ்எஸ்ஹெச்சை எழுதியதும், பழைய டெல்நெட்டில் பாஸ்வேர்ட் ஒரு துணிகூட இல்லாமல் கம்பியில் போய்க்கொண்டிருந்ததும் அவர் வாயால் கேட்க வேண்டும். கதாகாலட்சேபம்தான். சொல்லி முடித்து, கம்பியில் மூடிக்கொண்டு போக வேண்டிய அதே பாஸ்வேர்டை ஸ்கிரிப்டின் மூன்றாவது வரியில் பச்சையாக எழுதி, கணக்குப் பிரிவின் பொது ஃபோல்டரில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போவார்.

கீ ஃபைல் போட்டுக்கொண்டால் பாஸ்வேர்டே வேண்டாமாமே என்று ஆடிட்டர் வந்தபோது கேட்டார். "செஞ்சுடலாமுங்க. இப்போதைக்கு இது ஓடுதே." ஒருமுறை முயன்றும் பார்த்தார். விண்டோஸில் 'புட்டி' என்ற புரோகிராமில் செய்த கீயின் ஃபார்மட்டை லினக்ஸ் ஏற்கவில்லை. மாற்றிக் கொடுத்தார். கீ ஃபைலை எல்லாரும் படிக்கும்படி வைத்திருக்கிறீர்கள், இதை நான் தொட மாட்டேன் என்று எஸ்எஸ்ஹெச் முகத்தைத் திருப்பிக்கொண்டது. அந்த மெஷினுக்கு இருக்கிற கூச்சத்தில் கால்வாசி இவருக்கு இருந்தால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன்.

அதோடு சர்வர் பாஸ்வேர்டை மாற்றினால் ஸ்கிரிப்டுக்கு யாரும் சொல்வதில்லை. அது பழையதையே திரும்பத் திரும்பத் தட்டி, கடைசியில் அக்கவுன்ட்டே பூட்டிக்கொள்ளும். முதலாளியும் வெளியே, நானும் வெளியே. சாமி குலதெய்வம் கோயிலில், டவர் இல்லாத இடத்தில்.

ஆனால் திட்டிக்கொண்டே இருக்கவும் முடியவில்லை. ஜிஎஸ்டி கட்டக் கடைசி நாளில் ஃபைல் வராமல் நான் கை பிசைந்து நின்றபோது, ராத்திரி வண்டியை எடுத்துக்கொண்டு வந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. குனிந்து, யாரும் பார்க்காத மாதிரி, பாஸ்வேர்டைக் கையாலேயே அடித்து, அரை நிமிஷத்தில் ஃபைலை எடுத்துக் கொடுத்தார். முகம் சுண்டிப்போயிருந்தது. "நீங்க கிளம்புங்க சார், நான் இதைப் பார்த்துட்டு வர்றேன்" என்று மறுபடி மேஜைக்கடியில் புகுந்துகொண்டார். மறுநாள் காலை கேஷியர் மேடம் வந்தபோதும் கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

அந்தப் பெட்டியின் மேல் 'அணைக்காதீர்கள்' என்று ஒரு காகிதம் ஒட்டியிருக்கும். ஆயுத பூஜைக்கு ஆபீசில் எல்லா மெஷினையும் நிறுத்திப் பொட்டு வைப்போம். அது மட்டும் ஓடிக்கொண்டே பொட்டு வாங்கும். எந்த ஸ்கிரிப்ட் எதன் வழியாக எங்கே போகிறது என்று அவருக்கு மட்டுமே தெரியும். எழுதி வையுங்கள் என்றால், ஸ்கிரிப்டிலேயே இருக்கிறதே என்பார்.

இந்த வருஷம் சம்பள உயர்வுப் பேச்சில் முதலாளி கேட்டார்: "எல்லாம் தானா நடக்குதுன்னு சொல்றீங்க. அப்ப இவருக்கு என்ன வேலை?" சாமிக்கு வாயைத் திறக்கத் தெரியவில்லை. மேஜைக்கடியில் இருக்கிற பெட்டியை ஒருநாள் அணைத்துத்தான் பாருங்களேன் என்றேன் நான். முதலாளி காலண்டரைப் பார்த்தார். தேதி 18. ஜிஎஸ்டிக்கு 20 கடைசி. பேசாமல் கையெழுத்துப் போட்டார்.

பாஸ்வேர்ட் இன்னமும் மூன்றாவது வரியில்தான் இருக்கிறது. பொது ஃபோல்டர். யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.