மோட்டார் சைக்கிள் மேடை: ஓர் ஆராய்ச்சி

மோட்டார் சைக்கிளைத் தரையில் நிறுத்திப் பழுது பார்ப்பதா, மேடையில் ஏற்றிப் பழுது பார்ப்பதா என்னும் வினா, நமது தேசத்துச் சாலையோரப் புளியமரங்களின் அடியில் அன்றாடம் நிகழ்ந்துவரும் ஒரு மகத்தான தொழிலின் மூலத்தையே தொடுவதாயிருந்தும், இதுகாறும் எந்தப் பண்டிதரும் இதனை எடுத்து ஆராயாதிருந்தது பெருங்குறையே. வேறு எவரும் முன்வராமையாலும், என் முழங்கால்கள் இரண்டும் ஏககாலத்தில் ஒத்துழையாமை இயக்கம் தொடங்கிவிட்டமையாலும், அப்பணியை நானே மேற்கொள்ள நேர்ந்தது.

தொல்காப்பிய நெறியில் நின்று நோக்குங்கால், இவ்விஷயத்திற்கு முதற்பொருள் கார் இல்லாத கார் ஷெட்டும் ஞாயிற்றுக்கிழமை முற்பகலும். கருப்பொருள் ஸ்பேனர், கிரீஸ் டப்பா, பனியன் வேஸ்ட், ஆறிப்போன காபி. உரிப்பொருள் ஐயமின்றி இரங்கல். ஆகவே இது நெய்தல் திணையின்பாற்படும். கார் ஷெட்டுக்கும் கடற்கரைக்கும் என்ன சம்பந்தம் என்பாருக்கு விடை எளிது. 1955இல் மதராஸில் தொடங்கப்பெற்ற என்ஃபீல்டு இந்தியா கம்பெனி, என் வண்டியாகிய புல்லட்டுக்குத் தொழிற்சாலை அமைத்தது திருவொற்றியூரில். திருவொற்றியூர் கடலோரத்தில் உள்ளது.

இனிப் பூர்வபட்சம். தரைவாதிகள் என நான் பெயரிட்டிருக்கும் கட்சியார் கூறுவதாவது: குந்தி அமர்தல் மனித சரீரத்திற்கு இயல்பு, தரையிலே கழன்ற வாஷர் தரையிலேயே கிடக்கும், மேடையிலிருந்து விழுந்ததோ துள்ளி ஓடிப் பீரோவுக்கடியில் அடைக்கலம் புகும், அன்றியும், பின்சக்கரத்தை மட்கார்டுக்கு அடியிலிருந்து உருவ வேண்டுமாயின், தரையில் வண்டியை ஒருவன் சாய்த்துப் பிடிக்க மற்றொருவன் இழுத்துவிடலாம், மேடையில் சாய்த்தால் வண்டியும் பிடித்தவனும் சேர்ந்தே வருவர். இவற்றுள் மூன்றாவது ஆட்சேபம் வலியது. அதனை மறுக்கும் பொருட்டு, பின்சக்கரம் நிற்குமிடத்தில் சக்கரம் நுழையுமளவு பலகையைத் தனியே அறுத்து, வேண்டும்போது எடுத்துவிடுமாறு அமைத்தேன்; சக்கரம் அந்த ஓட்டை வழியே தானாகவே கீழே இறங்கிவிடும். வாஷர் விஷயத்தில் தரைவாதிகள் வென்றார்கள் என்பதை நேர்மையாக ஒப்புக்கொள்கிறேன்.

மேடையின் உயரமே இச்சாத்திரத்தின் உயிர்நிலை. நின்றபடியே வேலை செய்யும் ராஜபோகத்தை விரும்பி முதலில் இரண்டரை அடி என்று தீர்மானித்திருந்தேன். ஆனால் ஷெட்டின் நீளம் ஆறடிக்கு மேற்பட்ட சாய்வுப் பலகைக்கு இடங்கொடுக்கவில்லை. ஆறடிச் சாய்வில் இரண்டரை அடி ஏற்றுவதென்றால், 165 கிலோ எடையுள்ள வண்டியைத் தள்ள, உராய்வைக் கணக்கில் கொள்ளாமலே, ஏறத்தாழ 69 கிலோ விசை வேண்டும். நானோ மொத்தமே 62 கிலோ. உயரத்தை ஒன்றரை அடியாகக் குறைத்தால் 41 கிலோ போதும். கணிதத்திற்குப் பணிந்தேன், நின்று செய்யும் வேலை, முக்காலியில் அமர்ந்து செய்யும் வேலையாயிற்று.

40 மில்லிமீட்டர் ஆங்கிளில் சட்டம், ஆறு கால்கள், மேலே 18 மில்லிமீட்டர் பிளைவுட். சென்டர் ஸ்டாண்டின் இரு பாதங்களும் வந்தமரும் இடத்தில் மட்டும் அடியில் குறுக்கே இரண்டு ஆங்கிள் கூடுதலாக வைத்துப் பற்றவைத்தேன், ஏனெனில் வண்டியின் பாரத்தில் பெரும்பங்கு உள்ளங்கையளவு இடத்தில்தான் இறங்குகிறது. எட்டடிக்கு நாலடிப் பலகையை நீளவாக்கில் அறுத்து வீணாக்க மனம் வராமல், இரண்டடி போதுமான அகலத்தை நாலடியாகவே விட்டுவிட்டேன். இதனால் விளைந்தது பின்னர் தெரியவரும்.

ஏற்றும் நாளில்தான் எந்தக் கணிதமும் எனக்குச் சொல்லாத ஒரு தத்துவம் பிரத்தியட்சமாயிற்று. வண்டி ஏறுகிறது; தள்ளுபவன் ஏறவில்லை. முன்சக்கரம் மேடையைத் தொட்டபோது ஹாண்டில்பார் என் தாடைக்கு நேராக வந்து நின்றது. கைகள் இரண்டும் சரணாகதி அடைந்தவன் கைகளைப்போல் உயர்ந்திருக்க, பிரேக்கை எட்டிப் பிடித்த விரல்களில்தான் என் குடும்பத்தின் எதிர்காலம் தொங்கிக்கொண்டிருந்தது. அம்மா ஓடிவந்து பின்னாலிருந்த இரும்புக் கேரியரைப் பிடித்திராவிட்டால் இக்கட்டுரை எழுதப்பட்டிராது. தள்ளுபவன் நடந்தேற இரண்டாவது பலகை ஒன்று பக்கத்தில் அவசியம் என்பது அன்று கண்ட உண்மை. ஆயுத பூஜையன்று அம்மா வண்டிக்கு ஒரு பொட்டும் மேடைக்கு மூன்று பொட்டும் இட்டார்.

இருபது வருஷமாக என் வண்டியைப் பார்த்துவரும் மெக்கானிக் பாய் அடுத்த வாரம் வந்தார். ஐம்பது ஆண்டுத் தரைவாதி. மேடையை ஒருமுறை சுற்றிவந்தார். விரல் முட்டியால் பலகையைத் தட்டிப் பார்த்தார்.

"எவ்வளவு தாங்கும், சார்?"

"முந்நூறு கிலோ தாராளமா தாங்கும், பாய்."

சந்தனப் பொட்டைக் கண்டவர் செருப்பைக் கீழே கழற்றிவிட்டார். கைலியை மடித்துக் கட்டி, சாய்வுப் பலகை வழியே மேலே ஏறி, வண்டிக்குப் பக்கத்தில் மிச்சமிருந்த அகலத்தில், இன்ஜினுக்கு நேராகச் சௌகரியமாகக் குந்தி அமர்ந்தார்.

"சார், சும்மாதானே நிக்கிறீங்க. கீழ கெடக்குற அந்த ரிங் ஸ்பேனரை எடுத்துக் குடுங்க."

குனிந்தேன். முழங்கால் சொடுக்கிற்று.