நாய் பார்க்கப் போன நல்லவர்கள்

எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் நாய்ப்பற்றை இதுவரை யாரும் எழுதி வைக்காதது பெரிய குறை. மே மாதச் சீசனில் ஊட்டி அரசு கலைக் கல்லூரி மைதானத்தில் தென்னிந்திய கென்னல் கிளப் நாய்க் கண்காட்சி நடத்துகிறது. அதைப் பார்ப்பதற்கென்றே ஒரு டூரிஸ்ட் பஸ்ஸை அமர்த்திய சங்கம் கோயம்புத்தூரில் வேறு எது? முன்கண்ணாடிக்கு மாலை, பின்னால் பேனர். பேனரில் செயலாளர் கைகூப்பியபடி பெரிதாக, ஓர் அல்சேஷன் மூலையில் சிறிதாக. யாருக்கு எந்த இடம் என்பதில் எங்கள் சங்கத்துக்கு ஒருபோதும் குழப்பம் வந்ததில்லை.

அதிகாலை 4 மணிக்குப் புறப்பாடு என்று அறிவித்துவிட்டு, எல்லாரும் நிதானமாகக் குளித்து வர வசதியாக 6 மணிக்கு வண்டியை எடுத்தார்கள். புளிசாதமும் தயிர்சாதமும் தூக்குத் தூக்காக ஏறின. நெஞ்சில் நாய்ப் பாதம் அச்சடித்த டி-ஷர்ட் ஆளுக்கொன்று. ஸ்பீக்கரில் குத்துப்பாட்டு தொடங்கியதும் மேட்டுப்பாளையம் வரை தெருநாய்கள் எல்லாம் எழுந்து குரைத்தன. கண்காட்சியை வழிநெடுக நடத்திக்காட்டிய பெருமை வேறு யாருக்கு வரும்!

நீலகிரிக்குப் போக 2024 மே 7 முதல் இ-பாஸ் வேண்டும். உயர் நீதிமன்ற உத்தரவு. இப்படிப்பட்ட சில்லறை விஷயங்களைச் செயலாளர் மனதில் வைத்துக்கொள்கிறவர் அல்லர். கல்லாறு சாவடியில் வண்டியை ஓரங்கட்டி, சிக்னல் இல்லாத செல்போன்களை ஆளாளுக்குத் தூக்கிப் பிடித்து நின்றதில் இயற்கையை வெகுநேரம் ரசிக்க முடிந்தது. பிறகு பர்லியாரில் பிளாஸ்டிக் சோதனை. தண்ணீர் பாட்டில்களோடு, வாந்திக்கென்று வைத்திருந்த கவர்களையும் வாங்கிக்கொண்டார்கள். குன்னூர்ப் பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் 14. அதன் விளைவை விவரிக்கப் போவதில்லை. பின் சீட்டு அத்தை ஒருவர் எலுமிச்சம்பழத்தை மூக்கிலிருந்து எடுக்காமலே பாட்டுக்குத் தாளம் போட்டார் என்பதை மட்டும் பதிவு செய்கிறேன். அன்று கோப்பை ஒன்று கொடுப்பதென்றால் அவருக்குத்தான் கொடுக்க வேண்டும்.

சாப்பாட்டுக்கும் சாக்லேட் கடைக்கும் நடுவே கண்காட்சிக்கு அரை மணி நேரம் தாராளமாக ஒதுக்கியிருந்தார்கள். ரிங்கில் ஹேண்ட்லர் ஒருவர் நாயின் நாலு காலையும் சீராக ஊன்ற வைத்து நிறுத்தினார். நடுவர் உதட்டை விலக்கிப் பல்வரிசை பார்த்தார், தோளைத் தடவினார், பின்னங்கால் நடுவே கைவிட்டு, ஆண் நாய்க்கு விதை இரண்டும் இறங்கியிருக்கின்றனவா என்று தொட்டுப் பார்த்தார். ஒரு சுற்று ஓடவிட்டு நடையையும் கவனித்தார். பக்கத்தில் நின்ற பொடியன் கேட்டான்: “பெரியப்பா, அங்க கைய விட்டு என்ன பாக்கறாருங்க?”

“ஊசி போட்டாச்சான்னு பாக்கறாரு கண்ணு” என்றார் துணைத்தலைவர், சற்றும் தயங்காமல். அறிவை அடுத்த தலைமுறைக்குக் கொடுப்பதில் கஞ்சத்தனமே கிடையாது.

அடுத்து ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் வந்தன. ராஜபாளையம் நாய்க்கு 2005இல் அஞ்சல் துறை தபால்தலையே வெளியிட்டிருக்கிறது. பால்வெள்ளை உடம்பும் ரோஜா நிற மூக்குமாக ஒன்று எங்களை நேருக்கு நேர் பார்த்தது. “அட, நம்மூர் நாய்தானே!” என்று எங்களவர்கள் நகர்ந்துவிட்டார்கள். வீட்டு மனிதரிடம் சம்பிரதாயம் பார்க்காத பண்பு அது. மொத்தக் கூட்டமும் போய் மொய்த்தது வாசலுக்கு வெளியே யாரோ நடக்கக் கூட்டி வந்த ஹஸ்கியை. அது போட்டியிலேயே இல்லை. அதன் கழுத்தில் கைபோட்டுச் செயலாளர் எடுத்த படம், ‘முதல் பரிசு பெற்ற நாயுடன்’ என்று வாட்ஸ்அப்பில் உடனே ஏறியது. இனவாரியாக, பிரிவுவாரியாக வென்றவற்றை நிறுத்தி, ஆகச் சிறந்த நாயைக் கடைசியில்தான் தேர்ந்தெடுப்பார்கள். அதுவரை காத்திராமல் முடிவைச் சொல்ல முடிந்தது எங்கள் செயலாளரால் மட்டும்தான். அந்தக் கடைசித் தேர்வு நடந்த நேரத்தில் நாங்கள் வர்க்கிக் கடையில் வரிசையில் நின்றோம்.

அடுத்த ஞாயிறு பாராட்டுக் கூட்டம். செயலாளருக்குப் பொன்னாடை. அதே டி-ஷர்ட்டுகளோடு உட்கார்ந்து ஒருமனதாக இன்னொரு தீர்மானமும் போட்டார்கள்: குடியிருப்பு வாசலில் படுக்கும் கறுப்பு நாயை மாநகராட்சி பிடித்துக்கொண்டு போய்த் தொலைவில் விட வேண்டும். கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்கின்றன 2023ஆம் ஆண்டு விதிகள். விதிகளைப் படித்துவிட்டு நாய்மேல் அன்பு வைப்பவர்கள் அல்லர் இவர்கள்.

அடுத்த ஆண்டுப் பயணத்துக்கு இப்போதே பெயர் கொடுக்கச் சொல்கிறார்கள். வாசகர்களும் தாராளமாகச் சேரலாம். நாய் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் மட்டும் அரசு பஸ்ஸில் போய்க்கொள்ளுங்கள். அதற்கு இ-பாஸும் தேவையில்லை.