நாலு கட்டத்துல ஒரு ஊரு

ஈசூன், சிங்கப்பூர்

அன்புள்ள மாமாவுக்கு,

அத்தையோட முட்டிவலிக்குக் கோடாலித் தைலம் மூணு புட்டி, ஊருக்கு வர்ற நண்பர்கிட்ட கொடுத்து விட்டிருக்கேன். ஒண்ணு அத்தைக்கு. மத்த ரெண்டும் தெருவுல கேக்கறவங்களுக்கு. எப்படியும் கேப்பாங்க.

போன்ல கேட்டீங்களே, "இன்னாடா, அங்க பூரா சீனாக்காரங்கதானா, நம்மாளு எத்தினி பேரு?"ன்னு. நான் பதில் சொல்ல வாயெடுக்கறதுக்குள்ள சீரியல் ஆரம்பிச்சுட்டுதுன்னு வச்சிட்டீங்க. சீரியல் குறுக்க வராத ஒரே வழி கடுதாசிதான்.

இந்த ஊர்ல எல்லாத்துக்கும் கணக்கு சுத்தம். 2020 கணக்கெடுப்புப்படி குடிமக்களும் நிரந்தரவாசிகளுமா 40.4 லட்சம் பேரு. அதுல நூத்துக்கு 74.3 சீனர், 13.5 மலாய்க்காரர், 9 இந்தியர், மிச்சம் 3.2 'மற்றவர்'. மொத்தம் நாலே கட்டம். நம்ம நாட்டுல 2011ல சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்புல ஜாதி கேட்டாங்களே, ஜனங்க எழுதிக் கொடுத்த பேரு எத்தனை தெரியுமா? 46 லட்சம். 1931ல வெள்ளைக்காரன் எடுத்தப்ப வெறும் 4,147. இதை வெச்சுக்கிட்டு ஒண்ணும் செய்ய முடியாதுன்னு மத்திய அரசே உச்ச நீதிமன்றத்துல சொல்லிடுச்சு. சிங்கப்பூர்க்காரங்களுக்குத் தலைக்கு ஒண்ணுன்னு நாம பங்கு பிரிச்சுக் கொடுத்தாலும் நமக்குக் கொஞ்சம் ஜாதி மீந்து போகும் மாமா.

நாலு கட்டம்னதும் நிம்மதின்னு நினைச்சுடாதீங்க. 'இந்தியர்'ங்கற கட்டத்துக்குள்ள எட்டிப் பாருங்க. தமிழர், மலையாளி, சீக்கியர், குஜராத்தி, சிந்தி இருக்காங்க. அது சரி. இலங்கை, பாகிஸ்தான், வங்கதேச வம்சாவளியும் அதே கட்டம்தான்! 1947ல அவ்வளவு ரத்தம் சிந்திப் போட்ட கோட்டை இங்க ஒரு குமாஸ்தா பேனாவால அழிச்சுட்டார். எங்க புளோக்ல ஒரு பாகிஸ்தான் வம்சாவளிப் பெரியவர் இருக்கார். கிரிக்கெட் நடக்கற அன்னிக்கு லிஃப்ட்ல நாங்க ரெண்டு பேரும் பேசிக்க மாட்டோம். மத்த நாளெல்லாம் ஒரே இனம். அஞ்சாவது மாடியில ஒரு யாழ்ப்பாணத்துப் பாட்டி. நான் பேசறது தமிழ்தான்னு அவங்க இன்னும் ஒத்துக்கல.

இனம் பேச்சோட போற விஷயம் இல்ல இங்க. அடையாள அட்டையில அச்சடிச்சிருக்கும். சம்பளச் சீட்டுலயும் வரும். இந்தியர்களோட சம்பளத்துல மாசா மாசம் சில வெள்ளி பிடிச்சு 'சிண்டா'ன்னு ஒரு அமைப்புக்குப் போகும். 1991ல ஆரம்பிச்சது. வசதி இல்லாத இந்தியக் குடும்பத்துப் பிள்ளைங்களுக்கு டியூஷன் அது இதுன்னு செய்யறாங்க. முதல் தடவை சீட்டைப் பார்த்தப்ப, இந்தியனாப் பொறந்ததுக்கு அபராதமோன்னு பதறிட்டேன். விஷயம் தெரிஞ்சப்புறம் அது நியாயமாத்தான் பட்டுது. சீனருக்கும் மலாய்க்காரருக்கும் யூரேசியருக்கும் இதே மாதிரி தனித்தனி உண்டு.

உண்மையான வேடிக்கை வீடு வாங்கறதுலதான். ஜனங்கள்ல பெரும்பாலோர் இருக்கறது வீவக, அதாவது அரசாங்க வாரியம் கட்டின அடுக்குமாடியில. 1989 மார்ச் 1லேருந்து ஒவ்வொரு புளோக்குக்கும் இன வரம்பு உண்டு. இப்ப சீனர் 87 சதவீதத்துக்கு மேல கூடாது, மலாய்க்காரர் 25, இந்தியரும் மற்றவரும் சேர்ந்து 15. வரம்பு நிறைஞ்சுட்டா இந்தியர் இன்னொரு இந்தியர்கிட்டயோ 'மற்றவர்'கிட்டயோதான் வாங்கணும். இனத்துக்கு ஒரு பேட்டைன்னு சேர ஆரம்பிச்சுட்டாங்க, விட்டா பழைய காலத்து இனவாரிக் குடியிருப்பு மாதிரி ஆயிடும்னுதான் இந்த விதி. 1964ல இங்க சீனர் மலாய்க்காரர் கலவரம் நடந்தது, அந்தப் பயம் இன்னும் இருக்கு. அப்ப இந்தியர் ஜாஸ்தி சேர்ந்துகிட்டிருந்தது எந்தப் பேட்டைன்னு நினைக்கறீங்க? நான் இருக்கற இதே ஈசூன். விதியைக் கொண்டு வந்த அமைச்சர் யாரு? தனபாலன். நம்மாளு.

நான் ஆசைப்பட்ட புளோக்கைக் காட்டினதும் வீட்டுத் தரகரம்மா, "இந்தியன் ஃபுல் லா"ன்னு ஹவுஸ்ஃபுல் போர்டு மாட்டற மாதிரி சொல்லிட்டாங்க. சரி, விக்கற இந்தியர் யாராவது இருப்பாங்கன்னு மாடி மாடியா ஏறினேன். ஒரு கதவுல மாவிலைத் தோரணம். வாசல்ல கோலம்கூட ஒட்டியிருந்தது. மணியை அடிச்சேன். திறந்தது ஒரு சீனப் பாட்டி. மருமகன் தஞ்சாவூர்ப் பக்கம், தோரணம் அவர் வேலை, கோலம் பாட்டி வேலை. வீடு யாரு பேர்ல இருக்கோ அந்த இனம்தான் கணக்கு, அது பாட்டி பேர்ல. போச்சு.

அந்த வீட்டுப் பேரப்பயலுக்கு அட்டையில 'சீனர்-இந்தியர்'னு கோடு போட்டு எழுதியிருக்கு. 2011லேருந்து அப்படி ரெண்டு இனத்தையும் எழுதிக்கலாம். ஆனா வீட்டு வரம்புக்கு முன்னால இருக்கற பேரு மட்டும்தான் செல்லும். இங்க கல்யாணங்கள்ல ஏறக்குறைய அஞ்சுல ஒண்ணு இப்படி இனம் விட்டு இனம். இன்னும் ரெண்டு தலைமுறை போனா அட்டையில இடம் பத்தாது. (எனக்குக் கடைசியில பக்கத்து புளோக்ல ஒரு மலையாளி வித்தார். அத்தைகிட்ட சொல்லுங்க, வீடு கிழக்குப் பார்த்த வாசல்தான்.)

இதையெல்லாம் கேட்டு "மனுஷன் குடியிருக்க இனம் கேப்பானா?"ன்னு நீங்க கொதிப்பீங்க. நம்ம ஊர்ல வீட்டுக்காரர் "சைவமா தம்பி"ன்னு கேக்கறது சமையலுக்காகவா மாமா? இங்க அரசாங்கம் பாரத்துல நேராக் கேக்குது, கேட்டுட்டுக் கலந்து உக்கார வைக்குது. அதனாலதான் என் எதிர்வீடு மலாய்க்காரர், பக்கத்து வீடு சீனர், நோன்புப் பெருநாளுக்குப் பலகாரத் தட்டு எனக்கு வருது. அரசாங்கம் கை வைக்காத இடத்துல கதையே வேற. வாடகை விளம்பரத்துல 'இந்தியர் வேண்டாம்'னு சில பேரு போட்டது பத்திரிகைகள்லயே வந்து நாறினது.

கட்டத்துல எதுவும் அடங்காதுன்னு காட்டறதுக்கு வாட்டர்லூ தெரு போதும். கிருஷ்ணன் கோயிலும் குவான் யின் கோயிலும் அடுத்தடுத்து. சீனருங்க அங்க கும்பிட்டுட்டு இங்க வந்து கிருஷ்ணருக்கும் ஊதுவத்தியைத் தூக்கிப் பிடிச்சுக் கும்பிடுவாங்க. எந்தச் சாமி எந்த இனத்துக்குன்னு அவங்க பாரம் நிரப்பறதில்ல.

நம்மாளு எத்தினின்னு கேட்டீங்களே, நூத்துக்கு 9தான். ஆனா 2023 அதிபர் தேர்தல்ல தர்மன் சண்முகரத்னத்துக்கு 70.4 சதவீத ஓட்டு. பூர்வீகம் யாழ்ப்பாணத்துப் பக்கம். இதைச் சொன்னா அஞ்சாவது மாடிப் பாட்டிக்கு முகம் மலர்ந்துடும். அதுக்கு முன்ன 2017ல பதவியை மலாய்க்காரருக்குன்னு ஒதுக்கினாங்க. வந்தவங்க ஹலிமா யாக்கோப். அவங்க அப்பா இந்திய முஸ்லிம். எந்தக் கட்டம்னு கோப்பிக் கடையில ரொம்ப நாள் வாதம் ஓடிச்சு.

ஆனா மாமா, நான் சொன்ன நூறு சதவீதத்துல சேராத ஒரு பெருங்கூட்டம் இருக்கு. 2020ல 16.4 லட்சம் பேரு. வேலை அனுமதியில வந்தவங்கதான் அதுல பெரும் பங்கு. எங்க கப்பல் பட்டறையில வெல்டிங் பண்ற புதுக்கோட்டைப் பையன், சாரம் கட்டற வங்கதேசத்துப் பையன், பர்மாக்காரன் யாரும் அந்தச் சதவீதத்துல கிடையாது. கட்டடம் கட்டறவனுக்குக் கட்டம் இல்ல. கொரோனா சமயத்துல தினமும் எண்ணிக்கை சொன்னாங்க: 'சமூகத்தில்' இத்தனை, 'விடுதிகளில்' இத்தனைன்னு ரெண்டு கணக்கு. 2020ல தொத்தினதுல பெரும்பாலோர் விடுதிக்காரங்க. அப்பத்தான் இவங்களும் இந்த ஊர்லயே இருக்காங்கன்னு நிறைய பேருக்கு உறைச்சுது.

நம்ம வட சென்னைப் பக்கம் பூரா நம்மாளுன்னு நீங்க பெருமை பேசறதால இதையும் சொல்லிடறேன். நீங்க குடியிருக்கற காலடிப்பேட்டையே 1717லேருந்து 1720 வரை கவர்னரா இருந்த காலெட் துரை நெசவாளிகளைக் கொண்டாந்து குடிவெச்ச ஊர். ராயபுரத்துல பார்சிக்காரங்க அக்கினிக் கோயில் 1910லேருந்து இருக்கு. ஆங்கிலோ இந்தியர் இருந்தாங்க, பர்மாவுலேருந்து திரும்பினவங்க கொண்டாந்த அத்தோ நூடுல்ஸை நீங்களும் நானும் சேர்ந்தே தின்னிருக்கோம். நீங்க ரிட்டயர் ஆன தீப்பெட்டிக் கம்பெனி சுவீடன்காரன் ஆரம்பிச்சது. நமக்கு ஒரு கணக்கெடுப்பு அதிகாரி கட்டம் போட்டுத் தரல, அவ்வளவுதான்.

இப்ப உங்க மாடி ரூம்ல மூணு பசங்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கீங்களே, அத்தை அவங்களை 'இந்திக்காரப் பசங்க'ங்கறாங்க. அவங்க ஒடிசா. பேசறது ஒடியா. 2027 கணக்கெடுப்புக்கு ஆள் வரும், இந்தத் தடவை ஜாதியும் கேப்பாங்களாம். உங்க வீட்டு விவரத்தைக் கொடுத்துட்டுக் கதவைச் சாத்திடாதீங்க. மாடியில மூணு பேரு இருக்காங்கன்னு சொல்லி, அவங்க பேரையும் மொழியையும் சரியா எழுதிக்கச் சொல்லுங்க.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மருமகன்