சாமியாடும் ஃப்ரிட்ஜ்

ஈனுலையையே திரவ சோடியத்தால் குளிர்வித்து 1985இல் இயக்கிக் காட்டிய ஊர் கல்பாக்கம். அதே ஊர்ப் பெட்டிக்கடையில் நாலு சோடாவைக் குளிரவைக்க ஃப்ரிட்ஜ் சாமியாடுகிறது.

“கம்ப்ரஸரே போச்சுண்ணே” என்றார் மெக்கானிக். மீன் விற்றுத் திரும்பிய ஆயா குனிந்து பார்த்தார். ஒரு கால் தரையிலேயே படவில்லை. அட்டையை மடித்துச் செருகியதும் பாதி ஆட்டம் நின்றது. சுவிட்சை அணைத்து, கண்டென்சர் விசிறி இறக்கைகளில் படிந்திருந்த கடல் உப்பையும் தூசியையும் துடைத்ததும் மீதியும் மலையேறியது.

பக்கத்து மாமல்லபுரத்தில் வெண்ணெய் உருண்டைப் பாறை, சுமார் 250 டன், சரிவில் அசையாமல் நிற்கிறது. அதற்கு வருடாந்தர சர்வீஸ் ஒப்பந்தம் யாரும் போடவில்லை, அதனால்தானோ என்னவோ!