சம்பந்தி மாடல்கள்

சுவிட்சர்லாந்துக்காரர்களைத் தெரியும், கடிகாரம் செய்கிறவர்கள். ஜெர்மானியர்களையும் தெரியும், ஒரு ஸ்க்ரூ அரை மில்லிமீட்டர் பிசகினால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காதவர்கள். இந்த இரண்டு தேசத்து இன்ஜினீயர்களும் சேர்ந்து, லாஃபன்பர்க் என்ற ஊரில் ரைன் நதிக்குக் குறுக்கே ஒரு பாலம் கட்டினார்கள். அவரவர் கரையிலிருந்து அவரவர் வேலை. 2003-ல் டேப் வைத்துப் பார்த்தால் இரண்டு பக்கத்துக்கும் 54 சென்டிமீட்டர் வித்தியாசம். பாலம் என்று ஆரம்பித்தது படிக்கட்டில் வந்து நின்றது.

காரணம் சுவாரஸ்யமானது. கடல் மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர் என்று உயரம் சொல்கிறோம் அல்லவா? ஜெர்மனிக்குக் கடல் என்றால் வட கடல். சுவிட்சர்லாந்துக்கு மத்தியதரைக் கடல். இரண்டுக்கும் 27 சென்டிமீட்டர் வித்தியாசம் உண்டு. இது அவர்களுக்குத் தெரியாதா என்றால், தெரியும்! முன்கூட்டியே கணக்கில் சேர்த்தும் விட்டார்கள். கழிக்க வேண்டிய இடத்தில் கூட்டிவிட்டார்கள், அவ்வளவுதான். யாருக்கும் எதுவும் தெரியாமல் கட்டியிருந்தால் 27-ஓடு போயிருக்கும். தெரிந்ததால்தான் 54.

ஒரு பாலம், இரண்டு முனை, இணைக்க வேண்டியது ஒரே ஒரு எண். அதற்கே இந்தக் கூத்து. ஒரு நதியின் மொத்தக் கணக்கையும் இணைக்கக் கிளம்பினவர்கள் கதையை நினைத்துப் பாருங்கள்.

நதிக்கு எத்தனை கணக்குப்பிள்ளைகள் தெரியுமா? மழைக்கு ஒருவர், ஆற்றுக்கு ஒருவர், நிலத்தடி நீருக்கு ஒருவர், பயிருக்கு ஒருவர், சாக்கடைக்கு ஒருவர். எல்லோரிடமும் ஆளுக்கொரு மாடல். (மாடல் என்றதும் பட்டுப்புடவை விளம்பரம் ஞாபகம் வந்தால் நான் பொறுப்பல்ல. இது கம்ப்யூட்டருக்குள் ஓடும் கணக்கு.) சாக்கடைக்காரர் தன் மாடலில், ஆற்று மட்டம் எப்போதும் இவ்வளவுதான் என்று ஓர் எண்ணைப் போட்டுக்கொள்வார். ஆற்றுக்காரர் தன் மாடலில், சாக்கடையிலிருந்து இவ்வளவுதான் வரும் என்று ஓர் எண்ணைப் போட்டுக்கொள்வார். பெருமழை நாளில் ஆறு ஏறும். சாக்கடைத் தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் ஊருக்குள் திரும்பும். இரண்டு ரிப்போர்ட்டிலும் வெள்ளம் இருக்காது. தெருவில் மட்டும் இருக்கும்.

மொத்தத்தையும் ஒன்றாகப் பார்த்தால் என்ன என்று முதலில் ஆவேசமாகக் கிளம்பியவர்களில் ஒருவர் ஜெனரல் யூஜின் ரேபோல்ட். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் அமெரிக்க ராணுவ இன்ஜினீயர் படையின் தலைவர். மிசிசிப்பியும் அதன் உபநதிகளும் அமெரிக்காவின் பெருநிலப்பரப்பில் ஏறத்தாழ 41 சதவீதத்தின் தண்ணீரை வாரிக்கொண்டு போகின்றன. அங்கே ஒருவர் கரை கட்டினால், கீழே இன்னொருவர் வீட்டில் வெள்ளம். ரேபோல்டுக்கு ஒரு யோசனை வந்தது. முழு நதியையும் கான்கிரீட்டில் சின்னதாகக் கட்டிப் பார்த்துவிடலாம்!

சின்னதாக என்றால் 200 ஏக்கர். மிசிசிப்பி மாகாணத்தில் க்ளின்டன் என்ற ஊர்ப் பக்கம் 1943-ல் வேலை ஆரம்பித்தது. நீள அகலத்தை இரண்டாயிரத்தில் ஒரு பங்காகச் சுருக்கினார்கள். உயரத்தையும் அப்படியே சுருக்கினால் தண்ணீர் வெறும் ஈரமாகத்தான் நிற்கும் என்பதால், அதை நூறில் ஒரு பங்காக மட்டும். ஆகவே மலையெல்லாம் இருந்ததைவிட இருபது மடங்கு செங்குத்து. ஜாதகத்தோடு அனுப்பும் மாப்பிள்ளை போட்டோவில்கூட இவ்வளவு செய்ய மாட்டார்கள்.

மண்ணை வெட்டியது யார்? போர்க் கைதிகள். ரோமெலின் ஆப்பிரிக்கப் படையில் பிடிபட்ட ஜெர்மானியர்கள். சஹாராவில் ஒரு குவளைத் தண்ணீருக்குத் தவித்தவர்களை அட்லாண்டிக் தாண்டிக் கூட்டிவந்து, ஆறு வெட்டச் சொன்னார்கள்.

கிண்டல் செய்கிறேனே தவிர, சாதாரண வேலையில்லை. நிஜத்தில் ஒரு நாள் அங்கே சுமார் ஐந்தே நிமிடம். காடுகள் வெள்ளத்தை மெதுவாக்கும் அல்லவா, அதற்காகக் கம்பி வலையை விசிறி மடிப்பாக மடித்து மரங்களுக்குப் பதில் நட்டார்கள். 1952-ல் மிசௌரி பெருகி வந்தபோது, இந்தப் பொம்மை நதியை ராப்பகலாக ஓட்டிப் பார்த்துத்தான் ஒமாஹா பக்கத்தில் எங்கே கரையை உயர்த்துவது என்று முடிவெடுத்தார்கள். கைதிகள் ஊருக்குப் போய்ப் பல வருடங்கள் கழித்து, 1966-ல் ஒருவழியாகக் கட்டி முடித்தார்கள். அதே ராணுவ இன்ஜினீயர் படை, 1964-லேயே கலிஃபோர்னியாவின் டேவிஸ் நகரில் இதையெல்லாம் கம்ப்யூட்டரில் போடுவதற்கென்று தனி மையம் திறந்துவிட்டிருந்தது. வீட்டைக் கட்டி முடிக்கும்போது பிள்ளைகள் ஃப்ளாட்டுக்குப் போயாகிவிட்டது. 1973-க்குப் பிறகு அந்தக் கான்கிரீட்டில் யாரும் தண்ணீர் விடவில்லை.

ஆனால் ஒன்று. கான்கிரீட்டில் மிசௌரித் தண்ணீர் மிசிசிப்பியில் சேர யார் அனுமதியும் தேவைப்படவில்லை. பள்ளத்தைப் பார்த்து அதுவாகவே ஓடியது. கம்ப்யூட்டருக்குள் போனதும் நதி ஃபைல் ஆனது. ஃபைல் என்று வந்துவிட்டால் டிபார்ட்மென்ட் இல்லாமல் இருக்குமா?

இந்த இடத்தில் லண்டன் பக்கம் ஒரு எட்டு. கம்ப்யூட்டரில் தண்ணீரைக் கணக்குப் போட்டவர்களுக்கு நேர்மாறாக, தண்ணீரை வைத்தே கம்ப்யூட்டர் செய்தவர் பில் ஃபிலிப்ஸ். நியூஸிலாந்துக்காரர். 1949-ல், தொட்டியும் குழாயும் வால்வுமாக ஆளுயரத்துக்கு மேல் ஒரு மெஷின். உள்ளே நிறம் கலந்த தண்ணீர் ஓடும், அதுதான் பிரிட்டனின் பொருளாதாரம். லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் ஜேம்ஸ் மீட் இதை வைத்துப் பாடம் நடத்தினார். ஒரு மாணவர் நிதியமைச்சர், வரி வால்வு அவர் கையில். இன்னொருவர் பேங்க் ஆஃப் இங்கிலாந்து கவர்னர், வட்டி வால்வு அவர் கையில். ஒருவரோடொருவர் பேசாமல் ஆளுக்கொரு பக்கம் திருகினால், இருவருமே புத்திசாலிகள், பொருளாதாரம் மட்டும் தத்தளிக்கும். மீட் பிற்பாடு நோபல் பரிசு வாங்கினார். பாடம் புரிந்த அரசாங்கங்களுக்கு ஏதாவது பரிசு கொடுத்தார்களா என்றால், ஆள் கிடைத்திருக்க வேண்டுமே.

சரி, ஆளுக்கொரு மாடல் இருப்பதால்தானே வம்பு, எல்லாவற்றையும் அடக்கி ஒரே மகா மாடல் செய்துவிடுவோம் என்று 1970-களில் மூன்று தேசத்தார் கூட்டுச் சேர்ந்தார்கள். டென்மார்க், பிரிட்டன், ஃபிரான்ஸ். மழை விழுவதிலிருந்து மண்ணுக்குள் இறங்கி ஆற்றில் சேர்வது வரை மொத்தமும் இயற்பியல் சமன்பாடுகளில். ஃபிரெஞ்சில் ஒரு நீளப் பெயர் வைத்து, முதலெழுத்துகளைச் சேர்த்து ‘ஷி’ என்று கூப்பிட்டார்கள். கூட்டுக் குடும்பம் என்ன ஆகுமோ அதுதான் ஆயிற்று. டென்மார்க்காரர்கள் தங்கள் பாகத்தை ‘மைக் ஷி’ என்று வளர்த்தார்கள். பிரிட்டனில், நியூகாசில் பல்கலைக்கழகத்தில் ‘ஷிட்ரான்’ வளர்ந்தது. அந்த ‘ஷி’ மாடலில் ஆரம்ப நாட்களில் வேலை பார்த்த கீத் பெவன், 1989-ல் ஒரு கட்டுரை எழுதி, இயற்பியல் இயற்பியல் என்கிறீர்களே, நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து இத்தனை பெரிய கட்டத்துக்கு ஒரே எண்ணைப் போட்டால் அது குத்துமதிப்புதானே என்று போட்டு உடைத்தார். பாகப்பிரிவினையின்போது வீட்டு மாப்பிள்ளையே எழுந்து, நிலத்தின் பட்டாவே சரியில்லை என்று சொன்ன மாதிரி.

பிறகு ஐரோப்பிய யூனியன் வந்தது. 2000 டிசம்பர் 22 முதல் ஒரு சட்டம். இனி தண்ணீர் நிர்வாகம் மாவட்டம் வாரியாக அல்ல, நதிப்படுகை வாரியாக. எல்லா நீர்நிலைகளும் 2015-க்குள் நல்ல நிலைக்கு வரவேண்டும். டான்யூப் படுகை 19 நாடுகளில் பரந்து கிடக்கிறது. அந்தப் பத்தொன்பது பேரும் உட்கார்ந்து பேச வேண்டும் என்று பிரஸ்ஸல்ஸ் முடிவு செய்தது. டான்யூப் அவர்களுக்காகக் காத்திருக்காமல் கருங்கடலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது.

படுகை ஒன்றாக வேண்டுமென்றால் மாடல்களும் பேசிக்கொள்ள வேண்டுமே. 2002-ல் ‘ஹார்மோனிட்’ என்று ஒரு ப்ராஜெக்ட் போட்டார்கள். சுருதி சேர்க்கும் ப்ராஜெக்ட். அதில் உட்கார்ந்திருந்தவர்கள் யார் தெரியுமா? டென்மார்க்கின் டி.எச்.ஐ., நெதர்லாந்தின் டெல்ஃப்ட் ஹைட்ராலிக்ஸ், பிரிட்டனின் வாலிங்ஃபோர்ட் சாஃப்ட்வேர். மூவரும் சந்தையில் நேருக்கு நேர் போட்டியாளர்கள். ஒரே தெருவில் மூன்று பிரியாணிக் கடைக்காரர்களை அழைத்து, மூவர் தேக்சாவுக்கும் பொருந்துகிற மாதிரி ஒரே மூடி செய்யுங்கள் என்பது போல. அதிலும் டென்மார்க்காரர்களுடைய சாஃப்ட்வேரின் பெயரே மைக். கையில் மைக் இருப்பவர் அடுத்தவருக்கு அதைக் கொடுத்து நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

இந்தக் கல்யாணத் தரகு வேலையை முன்னின்று நடத்தியவர் பிரிட்டனின் ரோஜர் மூர். சத்தியமாகப் பெயர் அதுதான். ஜேம்ஸ் பாண்டாக நடித்தவர் இல்லை, நீரியல் ஆராய்ச்சியாளர். அந்த ரோஜர் மூர் வெடிகுண்டை முடக்கினார். இந்த ரோஜர் மூர் மூன்று கம்பெனி ஈகோவை. எது கஷ்டம் என்று ஆபீஸில் ஒரு மீட்டிங் நடத்தியவருக்குத் தெரியும்.

கடைசியில் அவர்கள் செய்த காரியம் புத்திசாலித்தனமானது. யாரும் யாருடைய மாடலையும் மாற்ற வேண்டாம், ஒட்டும் இடத்தில் மட்டும் ஒரே மாதிரி சாக்கெட் இருந்தால் போதும். பெயர் ‘ஓப்பன் எம்.ஐ.’ பெண் பார்க்கப் போகிறவர்கள் கேட்பது போல நாலே கேள்வி: என்ன சரக்கு, எந்த இடத்துக்கு, எந்த நேரத்துக்கு, எந்த விதத்தில். ஒருவர் லிட்டரில் பேசினாலும் இன்னொருவர் கன மீட்டரில் பேசினாலும் நடுவில் மாற்றிக்கொள்ளும். லாஃபன்பர்க்காரர்களிடம் இது இருந்திருந்தால் என்று நினைக்கிறீர்களா? நானும் நினைத்தேன். ஆனால் எவ்வளவு கூட்ட வேண்டும், எவ்வளவு கழிக்க வேண்டும் என்ற கட்டத்தை அதிலும் ஒரு மனிதர்தான் நிரப்ப வேண்டும்.

வேலை நடக்கும் முறை இன்னும் அழகு. எந்த மாடலும் தானாக ஓடாது. கேட்டால்தான் ஓடும். இந்தக் கேட்கும் சடங்குக்கு ‘கெட்வேல்யூஸ்’ என்று பெயர். காலையில் தாத்தா காபி கேட்கிறார். பாட்டி அம்மாவிடம் பால் கேட்கிறாள். அம்மா பையனைக் கடைக்குப் போகச் சொல்கிறாள். பையன் அப்பாவிடம் சில்லறை கேட்கிறான். அப்பா சில்லறை கொடுத்த பிறகு எல்லாம் வரிசையாகத் திரும்பி வந்து தாத்தாவுக்குக் காபி கிடைக்கிறது. ஐரோப்பியப் பணத்தில் சில வருடம் ஆராய்ந்து கண்டுபிடித்தது நம் வீட்டுச் சமையற்கட்டைத்தான்.

சிக்கல் எங்கே வந்தது? ஆறு சாக்கடையிடம் கேட்கிறது, ‘எவ்வளவு தண்ணீர் விடப்போகிறாய்?’ சாக்கடை சொல்கிறது, ‘உன் மட்டம் எவ்வளவு என்று சொல், அதற்குத் தக்கபடிதான் விடமுடியும்.’ ஆறு, ‘நீ எவ்வளவு விடுவாய் என்று தெரிந்தால்தானே என் மட்டம் எனக்குத் தெரியும்?’ பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும். கம்ப்யூட்டர் அப்படியே நின்றுவிடும். இதற்கு அவர்கள் எழுதிய விதி என்ன தெரியுமா? ஏற்கெனவே பதிலுக்குக் காத்திருக்கும் மாடலிடம் மறுபடி கேள்வி வந்தால், அது மறுக்கக் கூடாது, கடைசியாகத் தெரிந்ததை வைத்து உத்தேசமாக ஒரு பதில் சொல்லிவிட வேண்டும். ‘சும்மா ஏதாவது சொல்லுப்பா’ என்பதற்கு இவ்வளவு மரியாதையான சட்ட வடிவம் வேறெங்கும் நான் பார்த்ததில்லை. நிஜமாகவே வேலையும் செய்தது.

அப்புறம் என்ன, எல்லோருக்கும் இணைக்கும் வெறி பிடித்தது. சாக்கெட்டில் பொருந்துகிறதா, பொருந்தினால் மாட்டு. 2013-ல் அலெக்ஸி வொய்னோவ், ஹெர்மன் ஷுகார்ட் என்ற இரு விஞ்ஞானிகள் எரிச்சலோடு ஒரு கட்டுரை எழுதினார்கள். சாஃப்ட்வேராகப் பார்த்தால் கச்சிதமாக ஓடும், மாடலாகப் பார்த்தால் அர்த்தமே இல்லாத இந்த ஒட்டுப்பிறவிகளுக்கு ‘இன்டெக்ரான்ஸ்டர்’ என்று பெயர் வைத்தார்கள். இணைப்பும் அரக்கனும் சேர்ந்த சொல். பத்துப் பொருத்தமும் பார்த்தார்கள், பையனும் பெண்ணும் பேசிக்கொள்வார்களா என்று மட்டும் யாரும் பார்க்கவில்லை.

ஓப்பன் எம்.ஐ.யை ஷெல்ட் நதியிலும் கிரீஸின் பினியோஸ் நதியிலும் ஓட்டிப் பார்த்தார்கள். 2014-ல் சர்வதேசத் தர அமைப்பு ஒன்று அதைத் தன் தரமாக ஏற்றுக்கொண்டது. சட்டம் கெடு வைத்திருந்த 2015-க்கு ஒரு வருடம் முன்னால். கெடு வந்தது, போனது. 2018-ல் ஐரோப்பிய சுற்றுச்சூழல் முகமை கணக்கெடுத்தபோது, ஆறு ஏரி போன்ற மேற்பரப்பு நீர்நிலைகளில் சூழலியல் ரீதியாக நல்ல நிலையில் இருந்தவை சுமார் 40 சதவீதம். விதிவிலக்கெல்லாம் சேர்த்துப் பார்த்தால் இப்போது கெடு 2027.

ஜெனரல் ரேபோல்டின் கான்கிரீட் மிசிசிப்பி இன்னும் இருக்கிறது, ஜாக்ஸன் நகரத்தின் ஒரு பூங்காவுக்குள். கம்பி வலையை மடித்து மரம் என்று நட்டு வைத்தார்களே, அந்த இடங்களில் இப்போது நிஜ மரங்கள் வளர்ந்து நிற்கின்றன.